கத்தரிக்காய்க்குத் தடையில்லை

கேள்வி: என் யூத நண்பனின் கல்யாணத்தைக் கடலூரிலும் தேனிலவைச் சிதம்பரம் பக்கமும் வைத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக. சனிக்கிழமை மட்டும் மண்டபம் பிடிக்காதீர்கள். அன்று அவர்களுக்கு ஓய்வுநாள். ஊரே திரண்டு வந்தாலும் போதாது, ஏழு ஆசிகள் சொல்ல வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். நான்கு கால் பந்தல் அவர்களுக்கும் உண்டு. மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பார். மண்டபக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உடைசல் கணக்கில் ஏற்றிவிடுவார். ஜெப ஆலயமே வேண்டுமென்றால் கொச்சிக்கு ரயிலேறுங்கள், 1568-இல் கட்டியது இருக்கிறது. அங்கத்து யூத மணப்பெண்களுக்குத் தாலியும் இருந்ததுண்டு!

விருந்தில்தான் வில்லங்கம். துறைமுகத்து இறாலும் நண்டும் ஆகாது. மீனுக்குச் செதில் வேண்டும் என்ற கணக்கில் சுறாப்புட்டும் அடிபடும், மத்தி தப்பிக்கும். சிதம்பரம் கொத்சு பரவாயில்லை, கத்தரிக்காயோடு அவர்கள் வேதத்துக்குப் பகை கிடையாது.

தேனிலவா? ஆசாரப்படி முதல் ஏழு நாள் உறவினர் வீட்டு விருந்து. எட்டாம் நாள் பிச்சாவரத்தில் படகேற்றுங்கள். 'இதயக்கனி'க்காக எம்.ஜி.ஆரே வந்துபோன சுரபுன்னைக் காடு. மூன்றாவது ஆளாகத் துடுப்புக்காரர் கூடவே வருவார். அதற்கு நான் பொறுப்பில்லை.