மூச்சு விடும் பாட்டில்: புதுக்கோட்டைப் பட்டறைகளில் லாக்டைட் தேர்வும் காப்பும், ஒரு முன்னாய்வு

வடக்கே கீரனூர், மேற்கே விராலிமலை, தெற்கே திருமயம், கிழக்கே மீமிசல் கடல். இந்நாற்பெரும் எல்லைக்குள் ஓடும் டிஎன் 55 வண்டிகளில் ஒரு நட்டாவது கழன்று விழாதது இல்லை என்பது இவ்வாய்வின் முதற்கோள். இதற்குச் சான்று கேட்போர் ஏதேனும் ஒரு பஞ்சர் கடை வாசலில் காந்தத்தோடு கால்மணி நேரம் நடந்து பார்க்கலாம். கழலாமல் இருக்க மரையில் விடும் பசையை எந்தக் கம்பெனி செய்தாலும் பட்டறையில் அது லாக்டைட்தான்; ஆய்வாளனும் அவ்வழக்கையே மேற்கொள்கிறான். கருதுகோள் ஒன்றே ஒன்று: ஒரு பொருளைப் பத்திரப்படுத்த நம் ஊரில் என்னென்ன செய்வார்களோ, அவை அத்தனையும் இந்தப் பசையைக் கொல்லும் வழிகள்.

முதலில் கால வரையறை. தலைமுறைக்கு ஒன்று என மூன்று காலங்கள் உண்டு. 1912இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது முற்காலம். அது காட்டர் பின்னும் இரட்டை நட்டும் ஆண்ட யுகம். அடுத்து ஸ்பிரிங் வாஷர் காலம். இது இன்னும் முடிந்தபாடில்லை. 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது தானே திருகிக் கழலும் என்று சோதனை இயந்திரம் வைத்துக் காட்டினார். அந்த வகை இயந்திரத்தில் ஸ்பிரிங் வாஷர் போட்ட நட்டும் போடாத நட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கழல்கின்றன. 1990இல் நாசா வெளியிட்ட கையேடும் அந்த வாஷரால் பூட்டு வேலைக்குப் பயனில்லை என்றே எழுதியது. ஆயினும் நம் மெக்கானிக் அண்ணன்மார் வாஷர் இல்லாத நட்டைக் கண்டால் திலகமில்லாத நெற்றியைக் கண்டதுபோல் முகம் சுளிக்கிறார்கள். மரபு மரபுதான், அதை விட்டு மேலே செல்வோம்.

மூன்றாவது காலம் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1940களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஒரு திரவம் கிடைத்தது. காற்று பட்டுக்கொண்டே இருந்தால் திரவமாக இருக்கும், காற்று நின்றால் கல்லாகும். அது உறையாமல் இருக்க ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு சரக்கை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? ஹார்ட்ஃபர்ட் நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953இல் அதைச் சீராக்கி, காற்றை உள்ளே விடும் பாலிதீன் பாட்டிலில் அடைத்து, கடையில் வைத்து விற்கும்படி செய்தார். 1956இல் அது லாக்டைட் என்ற பெயரில் ஊரறிய வந்தது. பேராசிரியர் ஒருவர் ஓய்வு வயதை ஒட்டிச் செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்று பிற பேராசிரியர்கள் கவனிக்க.

அதன் இலக்கணம் இரண்டே விதி. காற்றிலுள்ள ஆக்சிஜன் அற்றுப்போக வேண்டும்; கூடவே இரும்போ செம்போ தொட வேண்டும். நட்டு இறுகியதும் மரை இடுக்கில் இரண்டும் கூடி வருகின்றன, பசை உறைகிறது. செம்பு கலந்த உலோகத்தில் இன்னும் வேகம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு சேரும் வரை இங்கே புழங்கிய அம்மன் காசு இரண்டை எடுத்து நடுவே ஒரு சொட்டு விட்டு அழுத்தினால், கொஞ்ச நேரத்தில் அவை பிரியா வரம் பெறும். ரூபாய்க்கு 320 என்று எண்ணப்பட்ட அந்தக் காசு இன்று சேகரிப்பவர்களிடம் என்ன விலை போகிறது என்பதை எண்ணி இச்சோதனையை ஆய்வாளன் ஏட்டளவில் நிறுத்திக்கொண்டான். எவர்சில்வர் போல்ட்டிலோ எதிர்மாறு: உறைய நேரமெடுக்கும்.

இனிச் சச்சரவுகளின் வேருக்கு வருவோம். கீழ ராஜ வீதியை ஒட்டிய உதிரிபாகக் கடைகளில் இப்படி ஒரு பேச்சு கேட்கும்:

"என்னண்ணே, சீல் பிரிக்காத பாட்டிலு, பாதிதான் இருக்கு?"

"கம்பெனிக்காரனே அப்படித்தான்டா தம்பி அனுப்புறான்."

"அப்ப மீதிப் பாதி காத்துக்கா காசு?"

"ஆமாண்டா, காத்துக்குத்தான்."

கடைக்கார அண்ணன் கிண்டலாகச் சொன்னது அப்பட்டமான அறிவியல். காலியாக விட்ட அந்தப் பாதிதான் சரக்கை உயிரோடு வைத்திருக்கிறது. இதை அறியாத சிக்கனவாதிகள் இரண்டு அரை பாட்டிலை ஒன்றாக்கி, விளிம்பு வரை நிரப்பி, அடுத்த வேலைக்குத் திறக்கும்போது கட்டி கண்டு கடைக்காரரைத் திட்டுகிறார்கள். ஊறுகாய் ஜாடிக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. மூக்குப்பொடி டப்பா போல் இறுக மூடும் சின்னத் தகர டப்பாவில் ஊற்றி வைப்போர் நிலை இன்னும் மோசம். உலோகமும் காற்றின்மையும் ஒருசேரக் கிடைப்பதால், டப்பாவும் பசையும் ஓருடலாகிவிடும்.

அடுத்தது குண்டூசி மரபு. ஃபெவிகுவிக் டியூபின் வாயில் குண்டூசி செருகி வைக்கும் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. ஃபெவிகுவிக் ஈரம் பட்டு இறுகும் சாதி. அதற்கு ஊசி பொருந்தும். லாக்டைட்டின் மூக்கில் ஊசியைச் செருகுவது அதன் மரையில் நீங்களே போல்ட்டு மாட்டுவதற்குச் சமம். மூக்கு நுனியைப் போல்ட்டில் தேய்த்துத் தடவுவதும் இதே குற்றத்தின் லேசான வடிவம். இரும்புத்தூள் உள்ளே போய், கொஞ்ச நாளில் மூக்கு அடைத்துக்கொள்ளும். சொட்டாக விட வேண்டும், தொடக் கூடாது. தட்டில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றவும் கூடாது.

எங்கே வைப்பது? விவரச்சீட்டு 8 முதல் 21 டிகிரி வரை உகந்தது என்கிறது. 28ஐத் தாண்டினால் தன்மை கெடலாமாம். புதுக்கோட்டையில் இந்த அளவு கிடைப்பது மார்கழி விடியற்காலையில் மட்டும், அதுவும் மழை பெய்தால். தகரக் கொட்டகையின் கீழ் சித்திரை மதியத்தில் ஸ்பேனரே கையைச் சுடும்போது பசையின் பாடு சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் என்பார் ஒரு சாரார். அங்கே 4 டிகிரி, கீழ் எல்லைக்கும் கீழே. மேலும் தயிர்க் கிண்ணத்துக்கு அருகே சிவப்புப் பாட்டிலைக் கண்ட அண்ணியார் என்ன சொல்வார் என்பது தனி ஆய்வுக்குரியது. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் நாள் முழுக்கக் குளுமை. தொல்லியல் துறை இசையாது என்பதால் அதையும் கைவிடுகிறோம். எஞ்சுவது தண்ணீர்ப் பானை வைத்த மூலை. பானைக்குப் பக்கத்தில், நிழலில், மூடி மேல் நோக்கி நிற்கட்டும். டேங்க் மேல் வைத்து மறப்பதும், காருக்குள் கிளவ் பாக்சில் போடுவதும் விலக்கப்பட்டன. வெயிலால் ஒரு நன்மை உண்டு: விவரச்சீட்டில் சொன்ன 22 டிகிரிக் கணக்கைவிட இங்கே மரைக்குள் பசை சீக்கிரம் இறுகும்.

பிடிப்புக்கும் வேலைக்கும் ஏற்பப் பசைக்கு அமைந்த நிறச் சமயங்களில் நீலமும் சிவப்புமே பெரியவை. ஊதா சின்ன ஸ்க்ரூவுக்கு. பச்சை ஏற்கெனவே முடுக்கிய நட்டுக்குள் தானே ஊறி இறங்கும். அவற்றுக்கு இங்கே அடியார்கள் குறைவு. கல்குவாரி டிப்பர்க்காரர்கள் சிவப்பின் தீவிர பக்தர்கள். அவர்கள் சுமைக்கும் பாதைக்கும் அதில் நியாயம் உண்டு. ஆனால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன போல்ட்டுக்குச் சிவப்பு விடுவது கொலைபாதகம். சிவப்பைக் கழற்றச் சுமார் 250 டிகிரி சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். சூடு காட்டாமல் முறுக்கினால் போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வரும், உடம்பு அலுமினிய இன்ஜினுக்குள் நிற்கும், வண்டி லேத்துக்குப் போகும். நம்பர் பிளேட்டுக்குச் சிவப்பு விட்டவர், பிளேட் மாற்ற வெல்டிங் கடைக்குப் போய் மட்கார்டு பெயின்டையும் சேர்த்து எரித்துக்கொண்டு வருகிறார். கை ஸ்பேனரால் கழற்ற வேண்டிய எதற்கும் நீலமே போதும். வீல் நட்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் எந்த நிறமும் வேண்டாம். ஸ்கூட்டர் பிளாஸ்டிக் பேனலில் விட்டால் பசையும் சரியாக இறுகாது, பேனலும் வெடிக்கலாம்.

விடுமுன் எண்ணெய் போக வேண்டும். வண்டி பெட்ரோலால் கழுவினால் பிசுக்கு மிஞ்சும். பிரேக் கிளீனர் உத்தமம். பசை விட்டதும் உதைத்து ஸ்டார்ட் செய்து ஆலங்குடி வரை ஒரு ரவுண்டு அடிக்கும் பழக்கத்துக்கு இவ்வாய்வு உடன்படாது. முழுப்பிடிப்புக்கு ஒரு நாள் வேண்டும்.

இறுதியாகப் போலி வாதம். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு, மறுநாளும் ஈரமாக இருப்பதைக் காட்டி, "டூப்ளிகேட் சரக்கு" என்று முடிவு கட்டும் அளவையியல் இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. காகிதத்தில் காற்றும் உண்டு, இரும்பும் இல்லை; ஒரிஜினலானாலும் ஆடி வரை ஈரமாகவே கிடக்கும். நட்டுக்கு வெளியே வழிந்த பசை காயாததும் இதனால்தான், துணியால் துடைத்தால் போயிற்று. ஐயம் தீராதவர்கள் பழைய பித்தளை நட்டு ஒன்றை அதற்குப் பொருந்தும் போல்ட்டில் மாட்டி, ஒரு சொட்டு விட்டு, காலையில் வெறுங்கையால் திருப்பிப் பார்க்கவும். திரும்பினால் பாட்டிலைக் கடைக்காரரிடம் காட்டலாம். திரும்பாவிட்டால் அந்த நட்டுக்கான ஸ்பேனரைத் தேடத் தொடங்கலாம். பட்டறையில் அது எப்போதும் யாரோ இரவல் வாங்கிப் போனதாகத்தான் இருக்கும்.