பொத்தான் எந்தப் பக்கம்?

உத்திரமேரூரில் பிறந்தவனுக்கு ஜனநாயகம் பற்றிப் பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். ஆனால் அந்தச் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த டீக்கடையில் நாங்கள் நடத்திய தேர்தலைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசாது. கட்சிகள் இரண்டு: லினக்ஸ் கணினித் திரையின் முகப்புகளான கேடிஇ, குனோம். வாக்காளர்களும் இரண்டே பேர். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் கேடிஇ, நான் குனோம். முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அப்போது எங்கள் ஊருக்குத் தபாலில் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு என்ற தன் லினக்ஸ் பதிப்பின் குறுந்தகட்டை இலவசமாக, தபால் செலவையும் தானே ஏற்று அனுப்பிக்கொண்டிருந்தது கனோனிக்கல் நிறுவனம். 2011 ஏப்ரலில்தான் அந்தத் தர்மத்தை நிறுத்தினார்கள். வெளிநாட்டு முத்திரையோடு உறை வரும்போதெல்லாம் தபால்காரர் கேட்பார்: "தம்பிக்கு ஃபாரின்ல யார் இருக்காங்க?" அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் என்று ஒருவர், தென்னாப்பிரிக்காக்காரர், விண்வெளிக்கெல்லாம் போய்வந்தவர் என்று ஒருமுறை விளக்கினேன். "அம்மா வழியா, அப்பா வழியா?" என்றார்.

சண்டையின் பூர்வீகம் இது. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கும் சாதாரண மனிதர் புழங்கத்தக்க ஒரு முகப்பு வேண்டும் என்று கேடிஇயைத் தொடங்கினார். அதற்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்ட க்யூடி நிரல்தொகுப்பின் உரிமம் போதிய அளவு சுதந்திரமானதல்ல என்று சொல்லி, மறு ஆண்டே மிகேல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா என்ற இரண்டு மெக்சிகோக்காரர்கள் குனோமைத் தொடங்கினார்கள். 2000-இல் க்யூடி பொது உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. அதாவது சண்டைக்கான காரணம் தீர்ந்த பிறகுதான் சண்டை உத்திரமேரூருக்கு வந்து சேர்ந்தது. காரணம் இல்லாத சண்டைக்கு ஆயுள் கெட்டி.

எங்கள் கொள்கை வேறுபாடு எளிமையானது. கேடிஇயில் எதையும் மாற்றலாம். பட்டையின் உயரம், கடிகாரத்தின் எழுத்து, சாளரத்தின் நிழல் என்று நண்பன் மாலை முழுக்க மாற்றிக்கொண்டிருப்பான். கரண்டு போனால்தான் எழுந்திருப்பான். குனோம் வேறு வழியில் போனது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் 2001-இல் சாதாரண ஆட்களைக் குனோம் முன் உட்காரவைத்து அவர்கள் எங்கெங்கே திணறுகிறார்கள் என்று ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு வந்த குனோம் 2-இல் பாதி அமைப்புகளைக் காணவில்லை. கொடுக்கும் ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று அதன் முன்னணி நிரலாளர் ஹாவக் பென்னிங்டன் ஒரு கட்டுரையே எழுதினார். எனக்கு அது வேதம். 2004-இல் ஒவ்வொரு கோப்புறையும் தனித்தனிச் சாளரத்தில் திறக்கும்படி செய்தார்கள். ஐந்து அடுக்கு உள்ளே போனால் திரையில் ஐந்து சாளரம் கிடக்கும். அதையும் ஆதரித்துப் பேசினேன். கட்சி என்று ஒன்று இருந்தால் அப்படித்தான்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே பொதுமக்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி சென்டர் வைத்திருந்த அண்ணன். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். தமிழ்த் தட்டச்சு முறையில் விரல் பார்க்காமல் அடிப்பார். ஒரு மாலை அவர் கணினியில் குறுந்தகட்டைப் போட்டு, நான்கு திரைகளும் ஒரு கனசதுரத்தின் பக்கங்களாகச் சுழலும் வித்தையைக் காட்டினோம். சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அல்வா மாதிரி ஆடியது.

"நல்லாத்தான் சுத்துது. பேஜ்மேக்கர் வருமா?"

"அதுக்குப் பதிலா ஸ்கிரைபஸ்னு ஒண்ணு இருக்குண்ணா."

அதில் யுனிகோட் தமிழின் கொம்பும் காலும் நேராக உட்கார இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருந்தன. அதை நாங்கள் சொல்லவில்லை.

"என் பிரிண்டர் ஓடுமா?"

"டிரைவர் பார்க்கணும்ணா."

"ஆவணியில வரிசையா முகூர்த்தம் வருது தம்பி. எந்தப் பட்டன் எங்க இருந்தா எனக்கென்ன? பத்திரிகை வெளிய வரணும்." டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும், கேடிஇயின் அச்சிடும் பெட்டியைக் காட்டியிருந்தால் மசிந்திருப்பாரா, குனோமுடையதைக் காட்டியிருந்தால் மசிந்திருப்பாரா என்று கடை சாத்தும்வரை வாதம் செய்தோம்.

2010-இல் பெரிய குண்டு விழுந்தது. சாளரத்தை மூடும், சுருக்கும், பெரிதாக்கும் பொத்தான்கள் மூன்றையும் உபுண்டு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியது. உலகம் முழுக்கக் கூச்சல். பயனர்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்றதற்கு ஷட்டில்வொர்த் சொன்ன பதிலின் சாரம்: கருத்துகளை வரவேற்கிறோம், ஆனால் வடிவமைப்பை ஓட்டெடுப்பால் முடிவு செய்வதில்லை, இது ஜனநாயகம் அல்ல. எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தால் எப்படி இருக்கும்? நண்பன் கோயில் பக்கம் கையைக் காட்டி, "ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தான்.

தொல்லியல் துறை வைத்திருந்த பலகையை அப்போதுதான் இருவரும் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தோம். குடவோலை என்பது நாங்கள் நினைத்த ஓட்டெடுப்பே அல்ல. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லும் குலுக்கல். ஓலை குடத்துக்குள் போகவே வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நிலமில்லை, வேதமும் தெரியாது. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய விதிமுறையை 14-ஆம் ஆட்சியாண்டில் விரிவாகத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். முதலில் 30 முதல் 60 வயதுவரை என்று இருந்தது, திருத்தத்தில் 35 முதல் 70 ஆயிற்று. கல்லில் எழுதியதற்கே இரண்டு ஆண்டில் அடுத்த பதிப்பு வந்திருக்கிறது. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று வெளியிட்டால் குற்றமா என்று நான் கேட்டேன். நண்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

2011 ஏப்ரல், எங்கள் வாழ்வின் பொற்காலம். அந்த ஒரே மாதத்தில் குனோம் 3 வந்து பழைய பட்டையையும் சுருக்கும் பொத்தானையும் தூக்கி எறிந்தது. உபுண்டு அதையும் ஏற்காமல் யூனிட்டி என்று தனிக் குடித்தனம் போனது. அடுத்த சில மாதங்களில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் குனோம் 3-ஐ வெளிப்படையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு முகப்புக்குப் போனார். இரண்டு ஆண்டில் சத்தமில்லாமல் குனோமுக்கே திரும்பினார். பழைய குனோம் 2-ஐ விட மனமில்லாத அர்ஜென்டினாக்காரர் ஒருவர் அதை நகலெடுத்து மாத்தே என்ற பெயரில் உயிரோடு வைத்தார். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் பதிப்பின்காரர்கள் சினமன் என்று தனி முகப்பு ஒன்றைச் செய்தார்கள். பேசுவதற்கு இவ்வளவு விஷயம் ஒரே சமயத்தில் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் திருவள்ளூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் திட்டம். ஒவ்வொன்றிலும் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சன் நிறுவனம் சில பேரை உட்காரவைத்து ஆராய்ந்ததை, தமிழ்நாடு லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகளை வைத்துச் செய்தது. லினக்ஸ் முகப்புக்கு இப்படியொரு சோதனைக்களம் எங்கே கிடைக்கும்? உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கத்தான் ஆளில்லை. எங்கள் தெருவில் நான் கண்டதைச் சொல்கிறேன். கணினியைத் திறந்ததும் இரண்டு பெயர் வரும். பிள்ளைகள் தெரிந்த பெயரைத் தொட்டார்கள். பாட்டுக்கும் படத்துக்கும் இடம் போதாமல் போனபோது, பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து மற்றதை அழித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் வைத்திருந்தாள். பென் டிரைவில் வந்த வைரஸ் விண்டோஸைப் படுக்கவைத்த அன்று பாஸில் நுழைந்து, தன் போட்டோக்களை எல்லாம் பத்திரமாக எடுத்துக்கொண்டு, விண்டோஸை மறுபடி போட்டுக்கொண்டாள். "லினக்ஸ் எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "ஆபத்துக்கு நல்லது அண்ணா" என்றாள். பொத்தான் எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை.

பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தனிக் கதை. 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலின் முதல் தொகுதியில் பெரும்பகுதி ஸ்டார் ஆபீஸ். அதை விற்ற சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. கொஞ்ச நாளில் ஸ்டார் ஆபீஸும் மறைந்தது. ஆனால் 2019 பொதுத்தேர்வு வரை எங்கள் பிள்ளைகள் அதன் மெனுக்களை மனப்பாடம் செய்தார்கள். பாடத்திட்டம் மாறி, 2018-இல் வந்த புதிய 11-ஆம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு இடம்பிடித்தபோது எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. திறந்து பார்த்தால், இடப்பக்கப் பட்டையோடு யூனிட்டி. அதைக் கைவிடுவதாக ஷட்டில்வொர்த் 2017 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தார். கணினி உலகத்துக்கும் நமக்கும் இருக்கும் உறவு சங்க இலக்கியத்துக்கும் நமக்கும் இருப்பதைப் போன்றது. ஒன்று வழக்கொழிந்தால்தான் பாடத்தில் வரும்.

உபுண்டு குனோமுக்கே திரும்பிய 2017 அக்டோபர் பதிப்பில், பொத்தான்கள் மூன்றும் மறுபடி வலப்பக்கம் போய் உட்கார்ந்தன. ஏழு ஆண்டு யுத்தம். யாரும் வெற்றி விழா எடுக்கவில்லை.

இப்போதைய நிலவரம் கொஞ்சம் கேளுங்கள். நண்பன் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான். கொடுத்திருப்பது விண்டோஸ் மடிக்கணினி. அதில் பின்புலப் படத்தை மாற்றக்கூட அனுமதி கிடையாது. கடிகாரத்தின் எழுத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலையைச் செலவழித்தவன், எல்லா அமைப்பும் பூட்டிக்கிடக்கும் திரை முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்து கைநிறையச் சம்பளம் வாங்குகிறான். வீட்டில் மட்டும் கேடிஇ. "என்னென்ன மாத்தி வச்சிருக்க?" என்றேன். "எதையும் மாத்தலடா, இப்பல்லாம் வர்றதே நல்லாத்தான் இருக்கு" என்றான். குனோம்காரனான நானோ, அவர்கள் பிடுங்கிய பட்டையையும் பொத்தானையும் நீட்சிகள் போட்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவன் கொள்கை என்னிடமும் என் கொள்கை அவனிடமும் இருக்கின்றன.

டிடிபி அண்ணன் கடையும் மாறிவிட்டது. பத்திரிகை பாதி வாட்ஸ்அப்பில் போகிறது. கடையில் பட்டா, வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம் என்று ஆன்லைன் வேலைதான் அதிகம். காலையில் திறக்கும் குரோமை இரவுதான் மூடுகிறார். போன மாதம் போனபோது அதன் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். லினக்ஸ் மின்ட், சினமன்! 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றிருக்கிறது. அந்தப் பழைய கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. அவர் பையன் யூடியூப் பார்த்து ஒரு மத்தியானத்தில் மாற்றிவிட்டான்.

"எப்படிண்ணா இருக்கு?" என்றேன், குரலில் நடுக்கம்.

"எது?"

"இதுதாண்ணா, லினக்ஸ்."

"அதுவா? பிரிண்டர் ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் ஆதார் அட்டையை வாங்கினார். எங்கள் பிரச்சாரம் எதுவும் இல்லாமல், எங்கள் இரண்டு கட்சியும் நிற்காத தொகுதியில், மூன்றாவது ஆள் ஜெயித்திருக்கிறார்.

அக்கா பெண் கல்லூரியில் படிக்கிறாள். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு மறுபடி கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி அவளுக்கும் வந்தது. விண்டோஸ் 11, கூடவே பழைய நண்பர் பாஸ். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, வாழ்நாளெல்லாம் நான் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டாள்: "மாமா, இது ரெண்டுல எது நல்லது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. முறைப்படி எதிர்க்கட்சியையும் அழைக்க வேண்டும் அல்லவா? நண்பனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். 1996-இலிருந்து ஆரம்பித்தோம். விண்டோஸே தன் ஸ்டார்ட் பொத்தானை 8-இல் தூக்கியது, 8.1-இல் திருப்பி வைத்தது, 11-இல் நடுவுக்குத் தள்ளியது என்று நான் சொல்ல, அதற்கும் முன்னால் கேடிஇ என்ன செய்தது என்று அவன் குறுக்கிட, குனோம் 40 வரைக்கும் வந்துவிட்டோம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறுதோறும் இணையத்தில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள், அங்கே வைத்து இதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவன் சவால் விட்ட நேரத்தில், அவள் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

"ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போயிடுச்சு மாமா. நீங்க பேசிட்டிருங்க, நான் கிளம்புறேன்."

"எதுல போட்ட?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டோம்.

"போன்லதான்."