ஒழுக்கம் வளர்க்கப் போய்…

1857இல் கொல்கத்தா பல்கலைக்கழகம் பிறந்தபோது அதற்கு வகுப்பறை கிடையாது, வாத்தியாரும் கிடையாது. தேர்வு மட்டும் உண்டு. கல்லூரிகள் சமைத்து அனுப்பும். பல்கலைக்கழகம் உப்புப் பார்த்துச் சொல்லும். அதே ஆண்டு பிறந்த நம் சென்னைப் பல்கலைக்கழகமும் இதே ரகம்தான் என்பதால் நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். மறு ஆண்டு முதல் பி.ஏ. தேர்வு. தேறியது இரண்டே பேர். அவர்களும் ஐந்து பாடங்களில் தேறி, ஆறாவதில் கோட்டைவிட்டு, 'ஏழு மார்க்குக்குள்தானே குறைகிறது, போகட்டும்' என்று கரையேற்றப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. 'வந்தே மாதரம்' எழுதியவருக்கே கிரேஸ் மார்க் தேவைப்பட்டது என்பதை அரியர் வைத்திருக்கும் தம்பிமார்கள் வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்திடம் விளையாட்டுக்கு ஒரு துறை கேட்டால் நடக்குமா? பையன்களே பார்த்துக்கொண்டார்கள். 1877இல் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத், வெள்ளைக்காரர்கள் மைதானத்தில் பந்து உதைப்பதைப் பார்த்து மயங்கினான். குடும்பப் பெயர் சர்வாதிகாரி. பிறகென்ன, நண்பர்களிடம் காசு வசூலித்து ஒரு பந்து வாங்கிவிட்டான். வாங்கியது ரக்பி பந்து என்பது எவனுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பிரெசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை. வங்காளத்தின் கால்பந்துப் பித்து தொடங்கியது அங்கேதான். கொல்கத்தா பல்கலைக்கழகப் பட்டதாரியான விவேகானந்தர், கீதையைவிடக் கால்பந்து சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று 1897இல் சொன்னார். சொன்ன இடம் சென்னை. நாம் இரண்டையும் விட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

பையன்கள் சும்மா இருந்தால் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1891இல் பிரம்ம சமாஜப் பிரசாரகர் பிரதாப் சந்திர மஜும்தார் முன்னின்று 'இளைஞர் உயர்பயிற்சிச் சங்கம்' தொடங்கினார். மாணவர்கள் ஓய்வு நேரத்தில் கெட்டுப்போகாமல் உடம்பையும் அறிவையும் ஒழுக்கத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டுமாம். பெயரைக் கேட்டதுமே முதுகை நிமிர்த்தி உட்காரத் தோன்றுகிறது அல்லவா? 1896இல் அதைப் 'பல்கலைக்கழக இன்ஸ்டிட்யூட்' என்று மாற்றினார்கள். பழைய பெயருக்கு ஆள் சேர்ந்திருக்காது என்பது என் ஊகம்.

சேர்ந்தவர்கள் ஒழுக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு நாடகம் போட்டார்கள். அந்த மேடையில் சாணக்கியனாக வந்து அசத்தியவர் சிசிர் குமார் பாதுரி. பிறகு எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, நல்ல பிள்ளையாகக் கல்லூரி விரிவுரையாளரும் ஆனார். பெரியவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் ஒருமுறை அரிதாரம் பூசிய முகம் சும்மா இருக்குமா? 1921இல் வேலையை உதறிவிட்டுத் தொழில்முறை மேடைக்குப் போய், 'ஆலம்கீர்' நாடகத்தில் ஔரங்கசீப்பாக நின்றார். அந்த நாடகத்தை எழுதிய கீரோத் பிரசாத் வித்யாவினோதோ, நாடகத்துக்காக வேதியியல் வாத்தியார் வேலையை விட்டவர். ஒழுக்கம் வளர்க்க வந்த சங்கத்தின் மேடை கல்லூரிக்கு ஆள் பிடித்துத் தரவில்லை, நாடகக் கொட்டகைக்குப் பிடித்துத் தந்தது. வங்காள நாடகத்துக்கு இதைவிடப் பெரிய நன்கொடையை எந்த ஜமீன்தாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் திறக்காத ஓய்வு நேரத் துறையின் நிஜமான தலைமை அலுவலகம் கல்லூரித் தெரு காபி ஹவுஸ்தான் என்று பழைய மாணவர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தக் கட்டடமும் பிரம்ம சமாஜத்தார் கைங்கரியமே: கேசவ சந்திர சென் 1876இல் நிறுவிய ஆல்பர்ட் ஹால். 1942இல் அங்கே காபி போர்டு காபிக் கடை திறந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்! பால் கலக்காத 'இன்ஃப்யூஷன்' ஒரு கோப்பை, அதற்கு நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு புரட்சி. தலைப்பாகை கட்டிய பேரர் ஆர்டருக்காகக் காத்துக் காத்து நிற்பார்.

1958இல் நிர்வாகம் கடையை இழுத்து மூடியது. பையன்களின் படிப்பு இனிமேலாவது உருப்படும் என்று பேராசிரியர்கள் கும்பிட்டிருக்க வேண்டும். பிரெசிடென்சி பேராசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்து, கடையைத் திறக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். அதே ஆண்டே திறந்துவிட்டார்கள்.