31 டிகிரிக்கு ஒரு குளிர்ச்சட்டை

சிங்கப்பூர்
4.10.2025, சனிக்கிழமை காலை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? உப்பு அம்பாரத்தையெல்லாம் ஓலை போட்டு மூடியாச்சா? போன வருஷம் ஃபெஞ்சல் புயலில் பட்டது போதும், இந்த வருஷம் மழைக்கு முந்திக்கொள்ளுங்கள். உப்பளத்துக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எப்போது என்று விசாரித்து வையுங்கள். வந்தால் அத்தை கையில் கொடுங்கள். உங்கள் கையில் கொடுத்தால் அது ஐந்து நாளில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று ராத்திரி போனில், "அங்க என்னடா, பின்னாடி மாவு மிஷின் ஓடுற மாதிரி சத்தம்?" என்று கேட்டீர்கள். அது மாவு மிஷின் இல்லை மாமா. ஒன்று பல கோடி பெறும் ஃபார்முலா ஒன் கார்கள். நாளை ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு, நம்மூர் நேரத்துக்கு சாயங்காலம் ஐந்தரைக்கு, சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பந்தயம். நேற்று ஓடியது வெறும் ஒத்திகை. ஒத்திகைக்கே இந்தச் சத்தம்.

இதற்கென்று தனியாக மைதானம் கிடையாது. ஜனங்கள் பஸ்ஸிலும் டாக்சியிலும் போய்வரும் ரோடுதான். அதையே அடைத்து, இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டைகளை வைத்து, மேலே கம்பிவலை கட்டி, பந்தயப் பாதை ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்துக்குப் பாடாங் திடல் பக்கத்தில் வேலை. கிரேன் ஒரு கட்டையைத் தூக்கி இறக்கும். கீழே ஒருவர் குந்தி உட்கார்ந்து, கட்டிய நூலைப் பார்த்து, "ரெண்டு விரக்கடை இடது" என்பார். அதன்படி நகர்த்தி, பக்கத்துக் கட்டையோடு சேர்த்து முடுக்க வேண்டும். அந்த இரண்டு விரக்கடை ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் சுவரை உரசினாற்போல் போவானாம். கட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் சக்கரம் போச்சு.

சாக்கடை மூடியைக்கூட விடாமல் இறுக்கிவிடுகிறார்கள். 2023-இல் லாஸ் வேகஸில் ஃபெராரி கார் ஒன்று மேலே ஓடியபோது மூடி கிளம்பி, காரின் அடிவயிற்றையே கிழித்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் கார்லோஸ் சைன்ஸ். நம் பஞ்சாயத்து ரோட்டில் மூடியே கிடையாது என்பதால் அந்த ஆபத்து நமக்கு இல்லை.

2008-இல் இங்கே நடந்ததுதான் ஃபார்முலா ஒன்னின் முதல் ராத்திரிப் பந்தயம். அதற்காகச் சுமார் 1,600 விளக்குகள் போட்டார்களாம். ஓட்டுகிறவன் கண் கூசக்கூடாது, நனைந்த ரோட்டில் பட்டுத் தெறிக்கவும் கூடாது, அப்படி ஒரு கணக்கில் கட்டிய விளக்கு. அந்த வெளிச்சத்துக்கு அடியில் நடந்தபோது எனக்குச் சித்திரை மாத மத்தியானம் நம் பாத்தி வரப்பில் நிற்கிற நினைப்புதான் வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டே நடந்தேன்.

இனி ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் விடுதி கேன்டீனில் ஐந்து பேர் ஒரு போனைச் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்க்கிறோம். ஒருவரும் டிக்கெட் வாங்கி உள்ளே போனதில்லை, ஜோகூர்க்காரரைத் தவிர. ஆனால் பேச்சைக் கேட்டால் ஐந்து பேரும் மெக்லாரன் கார் கம்பெனிக்குப் பங்குதாரர்கள் என்றே நினைப்பீர்கள்.

ஜோகூர்க்காரர் தினமும் பாலம் தாண்டி மலேசியாவிலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிறவர். இந்த வாரம் ராத்திரி வேலை என்பதால் எங்களோடு தங்கல். 1999-இல் செப்பாங்கில் முதல் மலேசியப் பந்தயம் நடந்தபோது நேரில் பார்த்தவர். எடி இர்வைன் ஜெயித்தார், ஷூமாக்கர் இரண்டாவது, இரண்டும் ஃபெராரி. அப்புறம் காரில் ஒரு தகடு அளவு சரியில்லை என்று தள்ளுபடி செய்து, மேல்முறையீட்டில் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கதையைக் கண்ணில் படும் ஒருவரிடமும் சொல்லாமல் விடமாட்டார். ஃபெராரி ஓட்டுநர் பட்டம் கடைசியாக வாங்கியது 2007-இல். அன்றிலிருந்து அவருக்கு எல்லா வருஷமும் "அடுத்த வருஷம்"தான். இந்த வருஷம் லூயிஸ் ஹாமில்டன் வேறு மெர்சிடிஸை விட்டு ஃபெராரிக்கு வந்துவிட்டார். ஏழு பட்டம் வாங்கினவர் வந்தும் இதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மேடை ஏறவில்லை. "கார் இன்னும் கைக்குப் பழகல லா" என்கிறார் ஜோகூர்க்காரர். ஹாமில்டன் சொல்லவேண்டிய சமாதானத்தையும் இவரே சொல்லிவிடுகிறார்.

மன்னார்குடிப் பையன் வெர்ஸ்டாப்பன் கட்சி. தொடர்ந்து நாலு பட்டம், 2021 முதல் 2024 வரை. அவனை மடக்க ஒரே வழி, "உங்க ஆளு சிங்கப்பூர்ல எத்தனை தடவை ஜெயிச்சாரு?" என்று கேட்பது. ஒரு தடவையும் இல்லை. 2023-இல் வரிசையாகப் பத்துப் பந்தயம் ஜெயித்துக்கொண்டு வந்தவர், இங்கே வந்து தோற்றார். ஜெயித்தது ஃபெராரியின் சைன்ஸ். அதைச் சொல்லிவிட்டு ஜோகூர்க்காரர் தே தாரிக் டீ ஆர்டர் செய்வார், பில் மன்னார்குடி கணக்கில். பையன் உடனே 2016-க்குத் தாவுவான். அந்த வருஷம் ஒத்திகையில் வெர்ஸ்டாப்பன் ரேடியோவில், பாதையில் பெரிய பல்லி ஒன்று நிற்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று சொன்னாராம். பல்லி என்ன பல்லி, உடும்பு! பாதையைக் கடந்து சாவகாசமாகப் போயிருக்கிறது. நம் கழுவெளிப் பக்கம் என்றால் ரேஸை நிறுத்திவிட்டு நாலு பேர் இறங்கியிருப்பார்கள் (சட்டப்படி பெரிய குற்றம், சித்தப்பாவிடம் சொல்லுங்கள்).

கோயம்புத்தூர்க்காரருக்கு இன்றைய ஓட்டுநர் ஒருவரும் கணக்கில்லை. அவருக்கு நரேன் கார்த்திகேயன் ஒருவர்தான். 2005-இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய, ஃபார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர், கோயம்புத்தூர்ப் பிள்ளை. அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் நாலாவது வந்து 5 புள்ளி வாங்கினார். இதைச் சொன்னதும் மன்னார்குடி, "அண்ணே, அன்னைக்கு ஓடினதே ஆறு காருதான்" என்பான். உண்மைதான். மிஷலின் டயர் தாங்காது என்று பதினாலு கார் ஆரம்பத்திலேயே உள்ளே போய்விட்டது. கோயம்புத்தூர்க்காரர் அசரமாட்டார். "பந்தியில உக்காராதவனுக்கு யாராவது எலை போடுவாங்களா தம்பி? ஓடுனவனுக்குத்தானுங்க புள்ளி" என்பார். பிறகு கரிவர்தன் கதை. மாருதி எஞ்சினை வைத்து ரேஸ் கார் செய்து ஊர்ப் பையன்களை ஓட்டவிட்ட மனுஷர், 1995-இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். இந்த இடத்தில் மட்டும் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

எனக்குப் பிடித்தவர் மெக்லாரனின் பியாஸ்ட்ரி. ஆஸ்திரேலியாக்காரர், அதிகம் பேசாதவர், இப்போதைக்குப் புள்ளிப் பட்டியலில் முதலிடம். இரண்டாமிடம் அதே அணியின் நோரிஸ். எங்கள் சூப்பர்வைசர் அக்கா நோரிஸ் கட்சி. போன மாதம் இத்தாலியில் மோன்சா பந்தயத்தில், நோரிஸுக்கு டயர் மாற்றும்போது ஒரு சக்கரம் தகராறு செய்து 5.9 விநாடி ஆகிவிட்டது. அதனால் பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். அணிக்காரர்கள் ரேடியோவில், "தப்பு நம்முடையது, இடத்தைத் திருப்பிக் கொடு" என்றார்கள். கொடுத்தார்! இதை வைத்து எனக்கும் அக்காவுக்கும் நடந்த வாக்குவாதத்தில் வேலையே அரைமணி நின்றது. "மொதல்ல டயர் மாத்த உள்ள போகச் சொல்லி விட்டுக்கொடுத்ததே நோரிஸ்தான் தம்பி, நன்றி வேணாமா?" என்கிறார் அக்கா. "மெக்கானிக் செஞ்ச தப்புக்கு ஓட்டுறவன் ஏன் தண்டம் கட்டணும்?" என்கிறேன் நான். நீங்களும் பெரியப்பாவும் வடக்குப் பாத்திக்காகக் கோர்ட்டுக்கு நடந்தீர்களே, அந்த அனுபவத்தில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

டயர் மாற்ற 5.9 விநாடி என்பது இங்கே அவமானம். 2023-இல் கத்தாரில் இதே மெக்லாரன்காரர்கள் நாலு சக்கரத்தையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். உலக சாதனை. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமுடியவில்லை. எங்கள் தமிழ் ஐயா நடத்தியதை எடுத்துவிட்டேன். உப்பு விற்கப் போகும் உமணர்கள், வழியில் மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனார்கள், புறநானூற்றில் ஔவையாரே பாடியிருக்கிறார், ஆக டயர் மாற்றும் இந்த பிட் ஸ்டாப் வித்தையெல்லாம் எங்கள் உப்பு வண்டிக்காரன் ஆரம்பித்தது என்றேன். "எத்தனை விநாடில மாத்துனாங்க?" என்றான் மன்னார்குடி. ஔவையார் அதைக் குறிக்கவில்லை.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வருஷம் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. பந்தய நேரத்தில் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், நடத்துகிற சர்வதேச சம்மேளனம் வெப்ப அபாயம் என்று அறிவிக்கும். அறிவித்துவிட்டால் எல்லாக் காரிலும் குளிரூட்டும் கருவி வைத்தாக வேண்டும். ஓட்டுகிறவருக்கு ஒரு பனியன். அதில் மெல்லிய குழாய்கள் ஓடும், குழாய்க்குள் குளிர்ந்த நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். குழாய் உறுத்துகிறது என்று சிலருக்குப் பிடிக்கவில்லை. போடாதவர் அதற்குப் பதிலாக அரைக்கிலோ எடையைக் காரில் சுமக்கவேண்டும். சட்டம் வந்த பிறகு முதல் முறையாக அந்த அபாய அறிவிப்பு வந்திருப்பது இந்த வாரம், இங்கேதான்.

31 டிகிரி, மாமா! 31 டிகிரி என்றால் அத்தை போர்வை தேடுவாள்.

கார் ஓட்டுகிறவர்கள் பாட்டையும் சொல்லவேண்டும். தீப்பிடிக்காத உடுப்பை அடுக்கடுக்காகப் போட்டு, தலையில் ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினுக்கு முன்னால் படுத்தவாக்கில் கிடக்கிறார்கள். உள்ளே 60 டிகிரி வரை போகுமாம். இரண்டு மணி நேரத்தில் மூன்று கிலோ வரை வியர்வையாகவே போய்விடும். குடிக்க வைத்த தண்ணீர் டீ மாதிரிக் கொதிக்கும். 2023 கத்தாரில் ஒருவர் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார், இன்னொருவர் முடியாமல் பாதியில் நிறுத்தினார். அதற்கப்புறம்தான் இந்தச் சட்டம். நியாயம்தான்.

நம்மிடத்தில் அத்தை விடியலுக்கு முன்னால் பாத்தியில் இறங்கி, வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் நின்று வாருகிறாள். மேலே வெயில், கீழே உப்பில் பட்டு எகிறும் வெயில். இதை நான் கேன்டீனில் சொன்னதும் ஜோகூர்க்காரர், "உங்க அத்தைக்கு எந்த டீம்?" என்று கேட்டார். யோசித்தால் அத்தைதான் டீம். ஓட்டுநர், மெக்கானிக், டயர் மாற்றுகிறவர் எல்லாம் அவளே. முதலாளி என்று நீங்கள் இருக்கிறீர்கள், வரப்பில் குடை பிடித்துக்கொண்டு.

குழாய்ப் பனியன் விலையை விசாரித்தேன். விசாரித்ததோடு சரி. இங்கே தேக்கா கடைத்தெருவில் நல்ல ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி பார்த்திருக்கிறேன், அத்தையின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். பூட்ஸ் போட்டால் உப்பு கோபித்துக்கொள்ளும் என்றெல்லாம் அவள் சொல்லுவாள், காதில் வாங்காதீர்கள்.

நேற்றைய ஒத்திகையில் வேடிக்கைக்குக் குறைவில்லை. டயர் மாற்றும் இடத்துப் பிட் பாதையில் ஃபெராரியின் லெக்லேர் கிளம்பி நோரிஸை இடித்துச் சுவரில் தள்ளிவிட்டார். அக்கா போட்ட கூச்சலில் சாஸ் பாட்டில் சாய்ந்தது. லாசன் என்ற ஓட்டுநர் ஒரு மூலையில் மோதினார். மெர்சிடிஸின் ரஸ்ஸல் இன்னொரு மூலையில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டார்.

நாளைக்கு யார் என்று ராத்திரி ஒருமணி வரை பேசினோம். நான் பியாஸ்ட்ரி என்றேன், அக்கா நோரிஸ், மன்னார்குடி வெர்ஸ்டாப்பன், ஜோகூர்க்காரர் வெட்கப்படாமல் ஹாமில்டன். ரஸ்ஸல் தேறமாட்டார் என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒரே குரல். கோயம்புத்தூர்க்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், "அந்த ரஸ்ஸல் ஜெயிச்சா இந்த மாசம் பூராவும் உங்க எல்லார் துணியையும் நானே துவைக்கறனுங்க" என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார். சாட்சிக் கையெழுத்து நான். காகிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகன்