மலையில்லா ஊரின் மலை நடை

கேள்வி: சமவெளியான மடுகரையிலிருந்து சிறு பிள்ளைகளுடன் மலை நடைக்குச் செல்லும் குடும்பம் எங்குச் செல்லலாம்?

பதில்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டைக்குச் செல்லலாம்; அது 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியப் படைத்தலங்களுள் ஒன்றாயினும், ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையதாதலால், வெயில் ஏறுமுன் தொடங்கி, தின்பண்டத்தைக் குரங்குகளின் கண்ணில் படாமல் காத்து, அடிவாரத்துக் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காட்டித் திரும்புவதே சிறுவர்க்குப் போதுமானது. பகைவருக்கென அரிதாக்கப்பட்ட ஏற்றம் பெற்றோருக்கு மட்டும் விலக்களிப்பதில்லை. பாதி வழியில் பிள்ளை ‘உப்புமூட்டை’ கேட்டால், அதாவது முதுகில் சுமக்கச் சொன்னால், தந்தை ஏறுவது ஒரு மலை, சுமப்பது மற்றொரு மலை என்றாகிவிடும்.