நாலாவது ஆளு வரட்டும்

அண்ணாச்சி காருக்கு ஒரு ஜி.பி.எஸ். மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2007-இல் தொடங்கியது, இன்னும் அமையவில்லை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட இதைவிடச் சீக்கிரம் முடிந்தது என்று மைனி சொல்வதுண்டு. அண்ணாச்சிக்குக் கார் கிடையாது. அதை யாராவது எடுத்துச் சொன்னால், "மொதல்ல மெஷின் அமையட்டும்டே, பெறவு கார் எடுத்துக்கிடலாம்" என்பார்.

ஆளை உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கூடவே வந்து, கதவைத் திறந்து திறந்து அடைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் புது மாடல் வருகு" என்று கடைக்காரர் முன்னாலேயே சொன்னவர் இவர்தான். மிக்ஸி, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் அவருக்குக் கை உண்டு. ஆனால் உயிர் ஜி.பி.எஸ்.ஸில்தான்.

விவரம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடக்கூடாது. கண்ணாடியில் ஒட்டி வைக்கிற கருவியை மேப்மைஇந்தியா கொண்டுவந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு டைரி இருக்கிறது. கார்மினின் நூவி ஒரு பக்கம், ஐதராபாத்தில் செய்த சாட்கைடு ஒரு பக்கம். திரை மூன்றரை அங்குலமா, 4.3 அங்குலமா? மேப்பு மெமரி கார்டில் இருக்கிறதா, உள்ளேயே இருக்கிறதா? வருஷா வருஷம் மேப்பைப் புதுப்பிக்கக் காசு கேட்பானா? சித்திரை வெயிலில் டேஷ்போர்டு கொதிக்கும்போது மெஷினைத் தாங்குகிற ரப்பர் கப்பு கண்ணாடியில் நிற்குமா, மடியில் விழுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். வாங்குகிறவன் கேட்க வேண்டியவையும்கூட.

இதெல்லாம் முகவுரை. அண்ணாச்சி வைக்கிற பரீட்சை ஒன்றே ஒன்று. மெஷின் அவர் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அது சரியாகச் சொல்லுமே என்றால், "அங்கல்லாம் போர்டு வச்சிருக்கானே, மெஷின் எதுக்கு?" என்று கேட்பார். பதில் கிடையாது.

யாரோ ஒருவர் வாங்கிவிட்டார் என்று காதில் விழுந்தால் போதும். மறுநாள் காலையில் நாகர்கோவில் வடசேரியில் நின்று அவர் காரை மறித்து முன்சீட்டில் ஏறிவிடுவார். "என் வீட்டுக்கு அடிடே, பாப்பம்."

அவர் ஊர்ப்பெயர் விளையில் முடியும். எந்த விளை என்று எழுதினால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். இந்தக் குமரி மாவட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு விளையில் போய் விழும். ஒரே பெயரில் கல்குளம் தாலுகாவில் ஒன்று இருக்கும், விளவங்கோட்டில் ஒன்று இருக்கும். அந்தக் காலத்து மெஷினில் இங்கிலீஷில்தான் அடித்தாக வேண்டும். ஒரு 'எல்'லா, இரண்டு 'எல்'லா என்பதிலேயே கால் மணி நேரம் போகும். அப்பா காலத்துப் பிரமாணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று நிற்பார். 1956-க்கு முந்தின பிரமாணம், மலையாளத்தில் இருக்கும்.

நான் வாங்கிய மெஷின் அவரிடம் சிக்கிய கதையை மட்டும் சொல்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் மெஷின் சாட்டிலைட்டுகளைத் தேட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் அணைத்து வைத்திருந்தால் அப்படித்தான் நேரம் எடுக்கும். அண்ணாச்சி காரைவிட்டு இறங்கி வானத்தைப் பார்த்தார்.

"எத்தன பேரு வந்திருக்கு?"

"மூணு, அண்ணாச்சி."

"எத்தன பேரு வரணும்?"

"நாலு."

"நாலாவது ஆளு வரட்டும். அது வரைக்கும் ஒரு சாய குடிப்பம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட் ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மெஷின் அதைக் கேட்டுக் கணக்குப் போடும், அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று போதும். மெஷினுக்குள் இருக்கிற மலிவுக் கடிகாரத்தைச் சரிக்கட்டத்தான் நாலாவது. சாயாவுக்குக் காசு நான் கொடுத்தேன்.

நாலாவது ஆள் வந்தது. இங்கிலீஷ்காரி ஒருத்தி, இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். "அவ சொல்லுக வழியிலேயே போடே, எங்க கொண்டு விடுகான்னு பாப்பம்" என்று அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்தார். இருநூறு மீட்டர் வந்தது. அண்ணாச்சி சட்டென்று நிமிர்ந்து, "வேண்டாம் வேண்டாம், அங்கிண தோண்டிப் போட்டிருக்கான், நேரே விடு" என்றார். நேரே விட்டேன். "ரீகால்குலேட்டிங்" என்றாள் அவள்.

"பாத்தியா, அவளுக்கே தெரியல்ல!"

பார்வதிபுரம் தாண்டுவதற்குள் இது பல தடவை நடந்தது. அவள் இடம் என்றால் இவர் வலம். அவள் வலம் என்றால், "அதுல போனா கல்யாண மண்டபத்துக் கூட்டத்துல மாட்டுவோம்." சுங்கான்கடை வந்தபோது மெஷின் பேசுவதையே நிறுத்திவிட்டது. அண்ணாச்சி டைரியை எடுத்து, "வழியில் குழப்பம்" என்று எழுதினார். பரீட்சை எழுதுகிறவளின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே மார்க்கைக் குறைக்கிற வாத்தியார் இவர் ஒருவர்தான்.

கடைசியில் ஒரு கால்வாய்க் கரையில் கொண்டு நிறுத்தி, வந்து சேர்ந்தாயிற்று என்றாள். நேர் எதிரே, அக்கரையில், அண்ணாச்சி வீடு. வாசலில் மைனி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது. நடுவில் தண்ணீர். குறுக்கே ஒரு தென்னந்தடி. அவர் வீட்டுக்குப் போகிற முடுக்கு மேப்பில் ஏறவில்லை. அதனால் அதற்குத் தெரிந்த ரோட்டில் எது வீட்டுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட்டது. மெஷினுடைய நியாயம் அது. அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மகள் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. அக்கரையைப் பார்த்துக் கூவினார்: "ஏட்டீ, வந்து பாரு! என்னய நீந்திப் போகச் சொல்லுகா!"

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் கையடக்க ஜி.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு இலட்சத்தீவுக்கு அப்பாலும் சுறா பிடிக்கப் போய், நடுக்கடலிலிருந்து நேராகத் தங்கள் துறைக்கே திரும்பி வருகிறார்களே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் ரோட்டுக்கு வருமுன்பே கடலுக்கு வந்துவிட்ட சாமான் அது. அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மக்கா, கடல்ல ஏதுடே முடுக்கு?"

சாக்குகள் அவரைத் தேடி வரும். என்.எச். 47 என்று நாம் சொல்லிப் பழகிய ரோட்டுக்கு 2010-இல் 66 என்று நம்பர் மாற்றினார்கள். "ரோட்டு நம்பரையே மாத்துகான், இப்ப வாங்கினா மேப்பு வீணு." பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் கட்டத் தொடங்கினார்கள். "பாலத்துக்கு மேல போறமா கீழ போறமான்னு இதுக்குத் தெரியுமா?" இதுவும் நல்ல கேள்விதான். மேலேயும் கீழேயும் போகிற இரண்டு ரோட்டைப் பிரித்தறிய ஜி.பி.எஸ். திணறத்தான் செய்யும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே நூறு மீட்டர் வரைக்கும் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்ததும், கிளிண்டன் அதை நிறுத்தியதும் அவருக்குத் தெரியும். "நாளைக்கே அவன் திருப்பி முடுக்கிவிட்டான்னு வையி. நூறு மீட்டர்னா, எங்க வீட்டுக்குப் பதிலா சுடுகாட்டுல கொண்டு எறக்கும்."

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் பொறுத்தது பலித்துவிட்டது. 2010 ஜனவரியில் நோக்கியா தன் போன்களில் வழிகாட்டும் வசதியைச் சும்மா கொடுத்தது. 2012-இல் கூகுள் மேப்ஸ் இந்தியாவில் வாய்திறந்து வழி சொல்லத் தொடங்கியது. பத்தாயிரத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து நாங்கள் வாங்கிய மெஷினெல்லாம் மேசை டிராயருக்குள் போய்விட்டது. அண்ணாச்சி வீடு வீடாக வந்து துக்கம் விசாரித்தார்.

போனையும் பரீட்சைக்கு உட்கார வைத்தார். அது நேராக அவர் வீட்டு நடையில் கொண்டுபோய் விட்டுவிட்டது! அண்ணாச்சிக்குப் பேச்சு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஆரு குடுத்தா இதுக்கு அட்ரஸ?" என்றார். விசாரித்தால், லீவுக்கு வந்த பேத்தி 'பாட்டா வீடு' என்று மேப்பில் குறித்து வைத்து, ஐந்து நட்சத்திரமும் போட்டு, மாங்காய் நன்றாக இருக்கும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணாச்சிக்கு மூச்சு திரும்பியது. "அப்ப இது பிட்டு அடிச்சுப் பாஸான கேஸு. செல்லாது."

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பர் மரமும் கரண்ட் கம்பமுமாக ரோடெல்லாம் விழுந்து கிடந்தது. போனில் சார்ஜும் இல்லை, டவரும் இல்லை. குலசேகரம் பக்கம் தனியாக இருந்த வயசான சொந்தக்காரரைப் பார்க்கப் போயாக வேண்டும். மறுநாள் காலையில் அண்ணாச்சி கேட்காமலே வந்து காரில் ஏறினார். கால்வாய்க் கரை, கோயில் முடுக்கு, எஸ்டேட் ரோடு, சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டத்தில் ஓடிப் பழகிய ஒற்றையடிப் பாதை. "இங்கிண வலத்த. பைய விடு. இங்கிண நிறுத்து, நான் எறங்கி கொம்ப மாத்துகேன்." வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வழி அடைத்துக் கிடந்தால் ஒரு நிமிஷம் யோசித்து வேறு வழி சொன்னார். போய்ச் சேர்ந்தோம். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கரண்ட் வந்தது. அண்ணாச்சியும் டைரியோடு வந்தார். "டவர் விழுந்தாலும் சாட்டிலைட் விழாதுல்லா? போனை நம்பப்பிடாது. தனி மெஷின்தான் வேணும்." மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாமலே வேலை செய்யும் என்றேன். "பேச்சிப்பாறைக்கு மேல, கோதையாறுல போயி நிண்ணுகிட்டு சார்ஜ் தீந்துபோனா?" கோதையாற்றுக்கு அவர் எதற்குப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஆக, மறுபடியும் முதலிலிருந்து.

இந்தத் தடவை அவருக்கு அமெரிக்கா சாட்டிலைட் வேண்டாம், நம்முடைய நாவிக்தான் வேண்டும். கார்கில் சண்டை சமயத்தில் ஜி.பி.எஸ். கேட்டதற்கு அமெரிக்காக்காரன் கைவிரித்த கதையை முதலில் ஒருமுறை முழுக்கச் சொல்லுவார். 2016-இல் ஏழாவது சாட்டிலைட் மேலே போய் நாவிக் என்று பெயர் வைத்த அன்று அவர் லட்டு கொடுத்தது உண்மை. பிறகு முதல் சாட்டிலைட்டின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது ராக்கெட்டின் மூடி கழலாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. "பொறுடே, நம்ம ஆளுக இருக்காங்க." அதுவும் உண்மைதான். இஸ்ரோ தலைவர்களாக இருந்தவர்களில் மாதவன் நாயர் பிறந்தது குலசேகரம். சிவன் சரக்கல்விளை. இப்போதைய தலைவர் நாராயணன் மேலகாட்டுவிளை. சாட்டிலைட் விடுகிறவர்கள் விளையிலிருந்து வருகிறார்கள், சாட்டிலைட்டுக்கு விளைக்கு வழி தெரியவில்லை என்று நான் சொன்ன தமாஷுக்கு அண்ணாச்சி சிரிக்கவில்லை. நாராயணன் பொறுப்பேற்ற அதே மாதம், 2025 ஜனவரி 29-இல், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட் என்.வி.எஸ்.-02 சாட்டிலைட்டைத் தூக்கிக்கொண்டு போனது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சாட்டிலைட்டின் வால்வு திறக்கவில்லை. உரிய பாதைக்கு அதை ஏற்ற முடியவில்லை. "வால்வுதானே? அடுத்ததுல சரியாக்கிடுவான். இப்ப வாங்காத."

சரி, அவர் வாங்க வேண்டாம். மற்றவர்களை ஏன் வாங்கவிடக்கூடாது? கன்னியாகுமரிக்கு வருகிறவர்களைப் பத்மநாபபுரத்துக்கும் திற்பரப்புக்கும் கூட்டிக்கொண்டு போகிற டாக்சிக்காரப் பையன் ஒருவன், அந்த நாளில் கையில் காசை வைத்துக்கொண்டு யோசனை கேட்டான். "ஆறு மாசம் பொறு" என்றார். சீசன் முழுவதும் அவன் முக்குக்கு முக்கு கண்ணாடியை இறக்கி வழி கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஓட்டத் தெரிந்தவனுக்கு வழி தெரியவில்லையே என்று பின்சீட்டில் இருந்தவர்கள் முணுமுணுத்ததை அவன்தானே கேட்டான்? இத்தனை பரீட்சைக்கும் கார் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. ஒரு லிட்டருக்காவது அவர் பையில் கை போனதில்லை.

ஆகவே நாஞ்சில் நாட்டில் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெஷினோ போன் ஸ்டாண்டோ, எது வாங்குவதாக இருந்தாலும் வீட்டில் மட்டும் சொல்லிவிட்டுப் போய் வாங்குங்கள். திரும்பி வரும்போது வடசேரி வழியாக வர வேண்டாம். மெஷின் அந்த வழியைத்தான் சொல்லும். கேட்காதீர்கள்.