பாட்டு ஐவருடையது!

கேள்வி: 'டூ-வாப்' பாடல்களில் பாதிச் சொற்களுக்கு அர்த்தமே இல்லையே?

பதில்: வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்களின் பாட்டு அது! 1950-களில் நியூயார்க் தெருமுனைகளில் நாலைந்து பேர் கூடி, ஒருவன் பாட, மற்றவர்கள் வாயாலேயே பக்கவாத்தியம் வாசிப்பார்கள். 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' கேளுங்கள். முதலில் ஷெர்மன் கார்ன்ஸின் அடித்தொண்டைக் குரல் மட்டும் தனியே உருண்டு வரும்; அதன்மேல் ஃபிராங்கி லைமனின் பிஞ்சுக்குரல் ஏறிப் பறக்கும். அதற்குமேல் என்ன அர்த்தம் வேண்டும்?

கேள்வி: யார் இந்த லைமன்?

பதில்: 'டீனேஜர்ஸ்' குழுவின் கடைக்குட்டி. கார்ன்ஸ், ஜிம்மி மெர்ச்சன்ட், ஹெர்மன் சான்டியாகோ, ஜோ நெக்ரோனி நால்வரும் முன்பே சேர்ந்து பாடியவர்கள். முதல் இருவர் கறுப்பினத்தவர். மற்ற இருவர் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். முன்னணிப் பாடகர் சான்டியாகோவின் இடம், ஐந்தாவதாக வந்த லைமனுக்குப் போனது. 1956-இல் பாட்டு வெளியானபோது லைமனுக்கு வயது 13. அமெரிக்காவில் 6-வது இடம், பிரிட்டனில் முதலிடம்!

கேள்வி: அப்புறம் ஏன் காணாமல் போனார்?

பதில்: 1957-இல் குழுவிலிருந்து பிரித்துத் தனியே பாட வைத்தார்கள். குரல் உடைந்தது, ஹெராயின் பிடித்துக்கொண்டது. 1968-இல் இறந்தபோது வயது 25. ஒரு குழந்தைக்குப் புகழைக் கொடுத்த பெரியவர்கள், பாதுகாப்பைக் கொடுக்க மறந்தார்கள்.

கேள்வி: 'டீனேஜர்ஸ்' விட்டுப்போனது என்ன?

பதில்: பாடகி ரோனி ஸ்பெக்டர் சிறுமியாக இருந்தபோது மனதுக்குள் வைத்துப் பூஜித்த குரல் லைமனுடையது. சின்னப் பையன் முன்னே பாட, மற்றவர்கள் சூழ்ந்து நின்று பாடும் 'ஜாக்சன் 5' பாணிக்கும் முன்னோடி இவர்கள்தான். 1981-இல் டயானா ராஸ் இதே பாட்டைப் பாடி மறுபடியும் பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கச் செய்தார்.

கேள்வி: பணமாவது வந்ததா?

பதில்: புகழ் பையன்களுக்கு, பணம் முதலாளிகளுக்கு! பாட்டின் ஆசிரியர்களாக லைமனோடு இசைத்தட்டு முதலாளியின் பெயர்தான் நின்றது. சான்டியாகோவும் மெர்ச்சன்டும் வழக்குப் போட்டார்கள். லைமனோடு இவர்களும் சேர்ந்தே பாட்டை எழுதினார்கள் என்று 1992-இல் ஜூரி ஒப்புக்கொண்டது. 'மூன்று ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும்' என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. காலக்கெடு சட்டத்துக்குத்தான், ரசிகனுக்கு இல்லை. அந்தப் பாட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால், சான்டியாகோ, மெர்ச்சன்ட் பெயர்களையும் மறக்காமல் சொல்லுங்கள்.